பேசாலையிலும் அதே விலை: விலைச்சீட்டின் ஒரு சிறு வரலாறு

தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி என்று மன்னார்த் தீவில் எந்தப் பக்கம் போனாலும் கடைகளில் கேட்டுப் பழகிய சில வசனங்கள் இருக்கின்றன. "தம்பி, அது பழைய விலை." "குளிராக்கினதுக்குப் பத்து ரூபா கூட." "லொறிக் கூலி ஏறிட்டுது, நாங்கள் என்ன செய்யிறது?" போத்தலில் ஒரு விலை அச்சடித்திருக்கும். கடைக்காரர் வாயால் இன்னொரு விலை வரும். பத்து ரூபாவுக்காக ஏன் கொழுவுவான் என்று நாங்களும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம்.

பொதியில் விலை அச்சடிக்கும் வழக்கம் எங்கட கரைக்கு எப்படி வந்தது, அது யாருக்கு உதவியது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். எங்கட வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அச்சடித்த விலை தூரத்தை இல்லாமல் செய்கிறது. கொழும்பில் வாங்குகிறவருக்கும் தலைமன்னாரில் வாங்குகிறவருக்கும் உச்சவிலை ஒன்றுதான். ஆகவே அந்தச் சின்ன எழுத்து, ஓரத்தில் இருக்கிற ஊர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை.

மூடிய சிப்பியின் விலை

மன்னார்க் கரையில் உலகம் அறிந்த சந்தை என்றால் அது முத்துச் சலாபம். அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கங்களில் பிரித்தானியர் காலத்தில் நடந்த சலாபங்களில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிக்கிறவர்களுக்கு, மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அரசாங்கம் தன் பங்கை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டது. சிப்பிகள் மூடியபடியே விலைபோயின. உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. வெறுஞ்சிப்பியாகப் போனால் நட்டம் முழுக்க வாங்கியவர் தலையில்.

அந்தக் காலத்துச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் யோசித்தது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றியது. சில விதிவிலக்குகள் இருந்தாலும் அடிப்படை எண்ணம் ஒன்றுதான்: வாங்குகிறவர்தான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். ஏலம் எடுக்க வந்த வியாபாரிக்கு அது பொருந்தலாம். அரைக்கிலோ சீனி வாங்க வந்த ஆளுக்குப் பொருந்துமா?

கூப்பனும் சங்கக்கடையும்

1942இல் பர்மா யப்பானியர் கையில் விழுந்தது. இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீடு தொடங்கியது, கூப்பன் வந்தது, கூட்டுறவுக் கடைகள் பெருகின. யார் எவ்வளவு வாங்கலாம், என்ன விலைக்கு வாங்கலாம் என்பதை அரசு தீர்மானித்தது. அம்மம்மா, அப்பாச்சிமார் இன்றைக்கும் "சங்கக்கடை" என்று சொல்லும்போது குரலில் தெரிகிற நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது. அங்கே வரிசை இருந்தது, தட்டுப்பாடும் இருந்தது. ஆனால் முகம் பார்த்து விலை சொல்லும் வேலை இல்லை.

போர் முடிந்த பிறகும் 1950ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த முறையைத் தொடர்ந்தது. விலை என்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பது 1953இல் தெரிந்தது. பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். இன்றைக்குக் கடை மேசையில் பத்து ரூபாவுக்குச் சத்தம் போட வெட்கப்படுகிறோம். அன்றைக்கு 45 சதம் ஒரு அரசாங்கத்தையே ஆட்டியது.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. சாமான் கூடியது, கட்டுப்பாடு தளர்ந்தது. 1979இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. எல்லா விலையையும் அரசே நிர்ணயிக்கும் காலம் போய், எழுதிய விலையை மீறாதே, வாங்குகிறவரை ஏமாற்றாதே என்று கண்காணிக்கும் காலம் மெல்ல மெல்லத் தொடங்கியது.

சென்றிக்கு அந்தப் பக்கம்

மன்னாரில் அந்தக் காலம் முழுசாக வரவில்லை. 1990க்குப் பிறகு தீவு இராணுவக் கட்டுப்பாட்டில், பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில். இடையில் உயிலங்குளம் சோதனைச்சாவடி. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் பொருளாதாரத் தடைக்குள் வந்தன. தடையைத் தாண்டி வந்த ஒரு பொருளின் விலையில் பல பேருடைய பங்கு ஏறியிருந்தது: சாவடியில் காத்துக் கிடந்த நேரம், கைமாற்றிய ஆட்களின் கூலி, அந்தப் பக்கம் புலிகள் அறவிட்ட வரி, கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். பொதியில் அச்சடித்திருந்த எண்ணுக்கு அங்கே அர்த்தம் இல்லை. ஒரே மாவட்டத்துக்குள் சில மைல் தூரத்தில் ஒரே சவர்க்காரத்துக்கு இரண்டு விலை.

இந்த அனுபவம் போரோடு முடியவில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். "தூரத்திலிருந்து வருது, கூடத்தான் இருக்கும்" என்ற பேச்சு எங்கட காதுக்கு இவ்வளவு இயல்பாகப் படுவதற்கு அந்த வருடங்களும் ஒரு காரணம். பாதை திறந்து, 2010இல் புதிய பாலம் வந்து, 2015இல் தலைமன்னாருக்கு ரயிலும் திரும்பிவிட்டது. பழக்கம் மட்டும் இன்னும் சென்றியில் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

போர்நிறுத்தக் காலத்தில்தான் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வந்தது. பழைய விலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1979ஆம் ஆண்டுச் சட்டமும் இதனால் நீக்கப்பட்டன. நாங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை இவை. பொதியில் குறித்த விலையை அழிப்பது, மாற்றுவது, சுரண்டி எடுப்பது குற்றம். கடைக்காரர் விலைப்பட்டியலைக் கண்ணில் படும் இடத்தில் தொங்கவிட வேண்டும். வாங்குகிறவரை வழிதவறச் செய்யும் நடத்தை குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். குளிராக்கியதற்கு என்றோ ஏற்றுக்கூலி என்றோ சொல்லி உச்சவிலைக்கு மேலே வாங்க முடியாது. 2025 ஏப்ரலிலிருந்து 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 70 ரூபா, ஒரு லீற்றருக்கு 100 ரூபா என்று வந்த உச்சவிலை தலைமன்னார் இறங்குதுறையடிக்கும் பொருந்தும்.

ஆனால் சட்டத்தை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. 2021 செப்டெம்பரில் தண்டப்பணத்தைக் கூட்டினார்கள். உச்சவிலையை மீறும் தனி வியாபாரிக்கு 100,000 முதல் 500,000 ரூபா வரை, கம்பனிக்கு 500,000 முதல் 5,000,000 ரூபா வரை. அந்த மாதம் முடிவதற்குள் அரிசிக்கான உச்சவிலை நீக்கப்பட்டது. ஒக்டோபரில் பால்மா, எரிவாயு, கோதுமை மா, சீமெந்து ஆகியவற்றின் கட்டுப்பாடும் போனது. 400 கிராம் பால்மா 380 ரூபாவிலிருந்து 480 ஆனது. தண்டனை பெரிதானது, தண்டிப்பதற்கு வைத்திருந்த விலை காணாமல் போனது. 380 என்று அச்சடித்த பைக்கற்றை 480க்கு விற்றால் அது அப்போதும் குற்றம்தான். ஆனால் பால்மாவே கிடைக்காத நாட்களில் எத்தனை பேர் பைக்கற்றைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள்?

கடைக்காரரை மட்டும் வில்லனாக்கவும் எங்களுக்கு விருப்பம் இல்லை. விலையைத் தீர்மானிக்கிறவர் கொழும்பில் இருக்கிறார். இடையில் விநியோகத்தர் இருக்கிறார். சந்தியில் உள்ள சின்னக் கடைக்கு ஒரு போத்தலில் மிஞ்சுவது கொஞ்சம். ஒரு இலட்சம் தண்டம் விழுந்தால் அந்தக் கடை மூடியே போகும். அதே கடைதான் கடலுக்குப் போகாத மாதங்களில் சனத்துக்குக் கடன் கொடுக்கிறது. ஏற்றுக்கூலி உண்மையிலேயே கட்டவில்லை என்றால் அதைக் கேட்க வேண்டிய இடம் விநியோகத்தரும் கம்பனியும். வாங்க வந்த ஆளின் பொக்கற்றில் அதை எடுக்கக் கூடாது.

கொப்பியிலிருந்து தொடங்குவோம்

எங்கட ஊர்களில் உரிமை சறுக்குகிற இடம் அந்தக் கடன் கொப்பி. சாமான் எடுக்கும்போது பில் இல்லை. கொப்பியில் "1,850" என்று மொத்தம் மட்டும் விழும். மாதக் கடைசியில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு போட்டார் என்று கடைக்காரருக்கே நினைவிருக்காது. முறைப்பாடு செய்யப் போனால் கையில் ஒரு துண்டும் இல்லை. தரமில்லாத பொருளுக்கோ உத்தரவாதம் மீறியதற்கோ மூன்று மாதத்துக்குள் முறையிடலாம் என்று சட்டம் சொல்கிறது. எந்தத் திகதியில் வாங்கினோம் என்பதைக் காட்டவே எங்களிடம் ஒன்றும் இருப்பதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது சின்ன விசயம். கொப்பியில் திகதி, பொருள், அளவு, விலை நாலையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கோ. ஒரு பற்றுச்சீட்டில் இருக்க வேண்டியதும் இவைதான். பைக்கற்றைத் திருப்பி விலையைப் பாருங்கோ. கூடச் சொன்னால் "அண்ணை, இதில இப்பிடித்தானே போட்டிருக்கு" என்று மரியாதையாகக் கேளுங்கோ. அதற்கும் சரிவராவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கடன் தருகிறவரிடம் இதைக் கேட்பது லேசில்லை என்று எங்களுக்கும் தெரியும். ஒரு வீடு மட்டும் கேட்டால் சண்டை மாதிரித் தெரியும். ஒரு தெருவே கேட்டால் கடைக்காரரும் விநியோகத்தரிடம் போய் அதையே கேட்கலாம்.