நடமாடும் இல்ல ஊர்திகளில் தொட்டியில்லா வெந்நீர்க் கருவி

வட அமெரிக்க இல்ல ஊர்திகளில் (மோட்டார்ஹோம்) நீரைச் சேமித்து வைக்காமல், குழாயில் ஓடும்போதே சூடாக்கும் கருவி. புரொப்பேன் வாயுவில் எரியும். பற்றவைக்கவும் விசிறி சுழலவும் 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். பழைய வகைத் தொட்டி 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் தீர்ந்ததும் காத்திருக்க வைக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் வேறொரு தொல்லை உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் கருவி பழுதென்றே நினைத்துவிடுகிறார்கள். கருவிக்குள் குறைந்தபட்ச நீரோட்டம் இருந்தால்தான் சுடர் பற்றும். குளிக்கும்போது தண்ணீர் அதிகம் சுடுகிறதென்று குளிர்நீரைக் கலந்தால் வெந்நீர்ப் பக்க ஓட்டம் குறைந்து சுடர் அணைகிறது. திடீரென்று பனிநீர் கொட்டுகிறது. கருவியிலேயே வெப்பநிலையைக் குறைத்துவைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் திறப்பதே சரியான வழி.

திறனுக்கும் எல்லை உண்டு. மணிக்கு 42,000 பி.டி.யு. (BTU), அதாவது சுமார் 12 கிலோவாட் கருவி, நிமிடத்துக்கு 5 லிட்டர் நீரை, இழப்பு போக, ஏறக்குறைய 28 பாகை செல்சியஸ் உயர்த்தும். உறைபனிக் காலத்தில் உள்ளே வரும் நீரே மிகக் குளிர்ந்திருப்பதால், அது இளஞ்சூடு மட்டுமே.

உப்புப் படிவை வினிகர் கொண்டு நீக்கலாம். குளிர்காலத்துக்கு முன் நீரை முழுதும் வடிக்க வேண்டும். மிச்சநீர் உறைந்தால் வெப்பமாற்றி வெடித்துவிடும். வெளிச்சுவரின் புகைவழியை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் தேங்கும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.