காதில் இருக்கா, சட்டைப்பையில் இருக்கா? இயர்போனுக்கு எப்படி தெரியுது!

திருச்சி,

சத்திரம் பஸ் நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போகிறீர்கள். பாட்டு கேட்ட புளூடூத் இயர்போனை கழற்றி சட்டைப்பையில் போட்டாச்சு. காவிரி பாலத்தில் பஸ் ஊர்கிறது. செல்போன் அடிக்கிறது. எடுத்து "ஹலோ... ஹலோ..." என்று கத்துகிறீர்கள். பதிலே இல்லை. எதிர்முனையில் பேசுபவரின் குரல் உங்கள் சட்டைப்பைக்குள் கேட்டுக்கொண்டு இருக்கிறது!

இதை எழுதும் நமக்கே இது நடந்தது. தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்த சித்தப்பாவுக்கு அவசரமாக ரத்தம் வேண்டும் என்று சொல்ல தம்பி மூன்று முறை கூப்பிட்டான். மூன்று முறையும் அவன் பேசியது சட்டைப்பையிடம் தான். மாம்பழச்சாலை ஸ்டாப்பில் விஷயம் புரிந்து புளூடூத்தை அணைத்த பிறகே குரல் வந்தது. (ரத்தம் கிடைத்து, சித்தப்பா இப்போது நலம்.)

சட்டைப்பைக்குள் கிடந்தாலும் தான் காதில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டது அந்த இயர்போன். இந்த குழப்பத்தை தீர்க்கத்தான் உடம்பையே மோப்பம் பிடிக்கும் சென்சார்கள் வந்திருக்கின்றன.

சட்டைப்பையிடம் ஏமாந்த வெளிச்சம்

முதலில் வந்தது எளிய வழி. கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு ஒளியை இயர்போன் வெளியே அனுப்பும். பக்கத்தில் ஏதாவது இருந்தால் ஒளி திரும்பி வரும். வந்தால் "காதுக்குள் இருக்கிறோம்" என்று முடிவு செய்யும். 2016-ல் வந்த ஆப்பிள் ஏர்பாட்ஸ், ஒளி சென்சாருடன் அசைவை உணரும் சென்சாரையும் சேர்த்து இப்படித்தான் வேலை பார்த்தது. கழற்றினால் பாட்டு தானாக நிற்கும்.

ஆனால் காது மட்டும்தான் ஒளியை திருப்பி அனுப்புமா? உள்ளங்கை, சட்டைத்துணி, மேஜை எல்லாமே அனுப்பும். தொட்டால் உணரும் வகை சென்சார் இன்னொரு ரகம். அது உடம்பின் மின்தன்மையை பார்க்கும். ஈரக்கையில் பிடித்தால் அதுவும் ஏமாந்துவிடும்.

தண்ணீரை தேடும் ஒளி

2021-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஏர்பாட்ஸில் தோலை கண்டுபிடிக்கும் சென்சார் வைத்தார்கள். இதன் சூட்சுமம் தண்ணீர். நம் தோலில் நிறைய தண்ணீர் இருக்கிறது. 1,450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை தண்ணீர் நன்றாக குடித்துவிடும். 1,050 நானோமீட்டர் பக்கம் உள்ள ஒளியை அவ்வளவாக குடிக்காது. இரண்டையும் அடித்துப்பார்த்து, திரும்பி வரும் அளவை ஒப்பிட்டால் எதிரில் இருப்பது தோலா, காய்ந்த துணியா என்று தெரிந்துவிடும். தண்ணீரும் ஒளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்து, 1930-ல் நோபல் பரிசு வரை போன சர் சி.வி.ராமன் 1888-ல் பிறந்தது இதே திருச்சியில் தான்!

இதில் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி. தோலுக்கு கறுப்பு நிறம் தரும் மெலனின், பச்சை விளக்கு ஒளியை அதிகம் விழுங்கும். இந்த நீண்ட அலைநீளத்தில் அதன் வேலை எடுபடாது. கறுப்போ சிவப்போ, தோல் தோல்தான்.

விலை ஏன் கூடுது? 1,100 நானோமீட்டருக்கு மேல் உள்ள ஒளி சாதாரண சிலிக்கான் சென்சாருக்கு தெரியாது. அதற்கு வேறு குறைக்கடத்தி பொருளில் சென்சார் செய்யணும். அதனால் மலிவு இயர்போன்களில் இதை எதிர்பார்க்க முடியாது.

நாடி பிடிக்கும் இயர்போன்

அடுத்த கட்டம் நாடித்துடிப்பு. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் காதில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடிக்குறையும். ஒளியும் அதற்கேற்ப கூடிக்குறைந்து திரும்பும். 2014-லேயே ஜாப்ரா நிறுவனம் இதை விளையாட்டு வீரர்களுக்கான இயர்போனில் கொண்டு வந்தது. 2025-ல் வந்த ஏர்பாட்ஸ் புரோ 3, வினாடிக்கு 256 முறை அகச்சிவப்பு ஒளியை அடித்து துடிப்பை எண்ணுகிறது.

துடிப்பு இருந்தால் காது, இல்லாவிட்டால் சட்டைப்பை என்று வைத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். துடிப்பை உறுதி செய்ய சில வினாடிகள் பிடிக்கும், பேட்டரியும் செலவாகும். குலுங்கும் டவுன் பஸ்சில் கணக்கு தப்பவும் செய்யும். டாய்லெட் பேப்பர் உருளையில் கட்டிவிட்ட ஸ்மார்ட் பேண்டு "நாடித்துடிப்பு" காட்டிய கூத்து 2018-ல் சீனாவில் நடந்தது! தோல் சென்சார் முதலில் பார்த்து, நாடி பின்னால் உறுதி செய்வதே சரியான ஜோடி.

இன்னொன்று. நாடித்துடிப்பு என்பது உங்கள் உடல்நிலை பற்றிய தகவல். ஆப் அனுமதி கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓகே தட்ட வேண்டாம்.

கடையில் என்ன செய்யலாம்?

கத்திரி வெயிலில் வழியும் வியர்வையும், காது அழுக்கும் சென்சாரின் குட்டி ஜன்னலை மறைத்துவிடும். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே பாதி கோளாறு போய்விடும். தொல்லை தொடர்ந்தால் செட்டிங்கில் காது கண்டறியும் வசதியையே அணைத்து வைக்கலாம்.

என்.எஸ்.பி. ரோடு பக்கம் புதுசு வாங்கப் போனால் "டச் கன்ட்ரோல் இருக்கு சார்" என்பார்கள். அது விரலால் தட்டுவதற்கு. காது கண்டறிவது வேறு. பாட்டை ஓடவிட்டு, காதில் இருந்து கழற்றி உள்ளங்கையில் மூடிப்பாருங்கள். பிறகு சட்டைப்பையில் போடுங்கள். உள்ளங்கையும் தோல்தான் என்பதால் அங்கே நல்ல இயர்போனே ஏமாறலாம். சட்டைப்பைக்குள் போன பிறகும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால், "தானா நிக்கும்" என்று கடைக்காரர் சொன்ன விலையை தாராளமாக குறைத்துக் கேட்கலாம்.