அவனா, அவரா?

எட்டாம் வகுப்பில் 'எங்கள் ஊர்த் தேரோட்டம்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். அதில் அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்கள்: "தாசில்தார் வந்தார். மாரித் தாத்தா வந்தார்."

தாசில்தாரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். மாரித் தாத்தா எங்கள் வயலில் வேலை செய்தவர். மழைக் காலத்தில் ஓடை பெருகிவிட்டால் என்னைத் தோளில் உட்கார்த்திக்கொண்டு அக்கரையில் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிடுவார்.

நோட்டுத் திரும்பி வந்தது. முதல் வாக்கியம் எழுதியபடியே இருந்தது. இரண்டாவதில் 'தாத்தா' அடிக்கப்பட்டு, 'வந்தார்' என்பது 'வந்தான்' ஆகியிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "எழுவாய் ஒருமை; பயனிலையும் ஒருமையாக இருக்க வேண்டும்." அரை மார்க் போயிற்று. 'தாசில்தாரும் ஒருத்தர்தானே, ஸார்?' என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் கேள்வியை இத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்தேன். பிற்பாடு இலக்கண நூல்களைப் புரட்டியபோது ஓர் உண்மை தெரிந்தது. வாத்தியார் சொன்ன விதி சரியானதுதான். ஆனால் அவர் அதைப் பாதிதான் செலுத்தினார்.

நமக்குக் கிடைத்திருக்கும் இலக்கணங்களில் மிகப் பழையது தொல்காப்பியம். ஒருவரைப் பலர்போலச் சொல்வது உலக வழக்கிலே மரியாதைக்காக ஏற்பட்ட பேச்சு, இலக்கண நெறிப்படி வந்ததல்ல என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார். அவரிடம் என் நோட்டைக் கொடுத்திருந்தால் இரண்டு வாக்கியங்களையும் அல்லவா திருத்தியிருப்பார்! தாசில்தாரும் வந்தான், மாரியும் வந்தான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மனித சுபாவத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தார். மகிழ்ச்சியிலும் மதிப்பிலும் சிறப்பிலும் கோபத்திலும் இகழ்ச்சியிலும் திணையும் பாலும் தவறினால் அது இயல்புதான் என்றார். பிரியத்தில் 'என் அம்மா வந்தாள்' என்று பசுவைச் சொல்வதும், ஆத்திரத்தில் மனிதனை 'அது கிடக்கிறது' என்பதும் இந்த வகைதான். வழுவமைதி என்று அதற்குப் பெயர். தவறுதான், ஆனால் தள்ளுபடி இல்லை.

மரியாதை என்பது பன்மையைத் தின்று வளர்கிற பிராணி என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 'நீர்' என்பது முன்பு பலரைக் குறித்த சொல். அதை ஒருவருக்குச் சூட்டி மரியாதை செய்தோம். பிறகு பலரைக் கூப்பிடச் சொல் போதாமல் 'நீங்கள்' வந்தது. நன்னூலின் முன்னிலைப் பெயர்ப் பட்டியலில் அந்த 'நீங்கள்' கிடையாது. பிறகு அதுவும் ஒற்றை ஆளுக்குப் போய்விட்டது. 'அவர்' என்ற பன்மையும் அப்படியே ஒருவருக்குச் சொந்தமாயிற்று. மேலே ஒரு 'கள்' ஒட்டி 'அவர்கள்' செய்தோம். இன்று மேடையில் 'தலைவர் அவர்கள்' என்கிறபோது அதுவும் ஒருவருக்குத்தான்.

நம்மைப்போல இங்கிலீஷ்காரர்களும் இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டவர்கள்தான். அவர்களுக்கு ஒருவரைக் கூப்பிட 'தௌ', பலரைக் கூப்பிட 'யூ' என்று இரண்டு சொற்கள் இருந்தன. பெரிய மனிதர்களை 'யூ' என்று பன்மையில் அழைக்கும் வழக்கம் வந்தது. அதை எதிர்த்துக் கிளம்பினார்கள் ஜார்ஜ் பாக்ஸும் அவருடைய க்வேக்கர் கூட்டத்தாரும். கடவுளின் முன் எல்லோரும் சமம். நீதிபதியானாலும் கூலிக்காரனானாலும் ஒருவன் ஒருவனே. ஆகவே எல்லோருக்கும் 'தௌ' என்றார்கள். 1660இல் பாக்ஸும் இரண்டு நண்பர்களும் வாத்தியார்களுக்கு ஒருமை பன்மை கற்பிப்பதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார்கள். பல பாஷைகளிலிருந்து உதாரணம் காட்டி, ஒருவருக்கு ஒருமையே முறை என்று வாதாடினார்கள். இலக்கணப் பாடத்துக்காக அடிபட்டவர்களை நாம் கேள்விப்பட்டதுண்டு; ஆனால் அவர்கள் மாணவர்கள். இவர்களோ பெரியவர்கள். தொப்பியைக் கழற்றாததற்காகவும் 'தௌ' என்றதற்காகவும் உதை வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். வில்லியம் பென் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தபோது, கடற்படைத் தளபதியான அவருடைய தகப்பனார், "யாரை வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடு, ராஜாவையும் அவர் தம்பியையும் என்னையும் மட்டும் கூப்பிடாதே" என்ற மட்டுக்கு இறங்கி வந்தாராம்.

முடிவில் 'யூ'தான் ஜெயித்தது. ஒருவனைப் பார்த்து 'யூ வாஸ்' என்று ஒருமை வினையோடு சொல்லிப் பார்த்தவர்களையும் பிஷப் லௌத் 1762இல் எழுதிய இலக்கணம் பெருந்தவறு என்று கண்டித்தது. ஒருவனானாலும் 'யூ வேர்' என்றே சொல்லவேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகள் உருப்போட்டார்கள். க்வேக்கர்களின் கதிதான் வேடிக்கை. எண்ணைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் நாளடைவில் வேற்றுமையைக் கோட்டைவிட்டார்கள். எழுவாயாக நிற்கவேண்டிய 'தௌ'வின் இடத்தில் இரண்டாம் வேற்றுமையான 'தீ' வந்து உட்கார்ந்தது. அதற்குப் படர்க்கை வினையும் சேர்ந்தது. 'நீ வருகிறாய்' என்பதை 'உன்னை வருகிறான்' என்று சொன்னதுபோல! ஆனாலும் இலக்கணம் தவறிய அந்தப் பேச்சில் ராஜாவும் ஏழையும் ஒன்றாகவே இருந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு இலக்கணத்தின் மீது எனக்கு இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. என் அரை மார்க்கைப் பறித்தது இலக்கணம் அல்ல. தாசில்தாருக்கும் மாரிக்கும் அது ஒரே விதியைத்தான் வைத்திருந்தது. ஒருவருக்கு வழக்கத்தையும் மற்றவருக்கு விதியையும் பங்கிட்டுக் கொடுத்தது எங்கள் ஊர். வாத்தியார் அந்த ஊரின் கையாகச் சிவப்பு மையைத் தொட்டு எழுதினார், அவ்வளவுதான்.

ஊரைச் சொல்லிவிட்டு என்னை மறைப்பது நியாயமல்ல. 'தாத்தா' என்று எழுதினேனே தவிர, நேரில் அவரை நானும் வீட்டாரைப்போல 'மாரி' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். கட்டுரை திரும்பி வந்த அன்று மாலை ஓடைக் கரையில் எனக்காகக் காத்திருந்தார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"சின்னய்யா, நோட்டிலே என்னைப் பத்தி எழுதினீங்களாமே! என்ன எழுதினீங்க?" என்று கேட்டார்.

"நீ தேருக்கு வந்ததை எழுதினேன், மாரி" என்றேன், அவர் தோளில் ஏறிக்கொண்டே.