இரும்படுப்பும் இளஞ்சூட்டுக் காற்றும்

1744 ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே சிறு நூலொன்று அச்சாகி வெளிவந்தது. எழுதியவரும் அச்சிட்டவரும் ஒருவரே. அவர்தாம் பெஞ்சமின் பிராங்கிளின். மின்னலை ஆராய்ந்த அறிஞராக உலகம் அவரை அறிந்தது பின்னாளில். அந்த ஆண்டில் அவர் சிந்தனையைக் கவர்ந்திருந்தது அடுப்பு.

பனிக்காலத்தில் அக்குடியேற்ற நாட்டு மக்கள் பட்ட பாடு சிறிதன்று. சுவரிலே அமைந்த அகன்ற கணப்பில் மரக்கட்டைகளை அடுக்கி எரிப்பர். குடும்பத்தார் அனைவரும் அதனைச் சூழ்ந்து அமர்வர். முன்புறம் பொரியும்; முதுகு விறைக்கும். எரிந்த விறகின் வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்தைச் சூடாக்கப் போய்விடும். அதுமட்டுமோ? மேலே விரைந்து செல்லும் தீயின் காற்று, அறையிலுள்ள காற்றையும் உடன் இழுத்துச் செல்லும். அவ்வெற்றிடத்தை நிரப்பக் கதவிடுக்குகளாலும் சாளரப் பிளவுகளாலும் வெளிக்குளிர் உள்ளே பாயும். நகரைச் சூழ்ந்த காடுகள் வெட்டப்பட்டு வந்தமையால் விறகின் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. விறகு வாங்க இயலாத ஏழைக்குக் குளிர் ஒரு தொல்லை மட்டுமன்று. உயிருக்கே உலை வைப்பது.

பிராங்கிளின் ஆக்கிய வார்ப்பிரும்புக் கணப்பின் நுட்பம், தீக்குப் பின்னால் நின்ற ஓர் இரும்புப் பேழையில் இருந்தது. கீழிருந்து குளிர்ந்த காற்று அப்பேழையினுள் நுழையும். வளைந்து வளைந்து மேலேறிச் சூடாகும். பக்கங்களிலுள்ள துளைகள் வழியே அறைக்குள் வெளிப்படும். புகைக்கு வேறு வழி. அது பேழையின் மேலால் ஏறி, பின்புறமாக இறங்கி, தரையின் கீழாற் சென்று புகைபோக்கியை அடையும். அதற்கு முன்னரே, 1713 இல், பிரெஞ்சு நாட்டு நிக்கொலா கோசே என்பவர் இத்தகைய காற்றறைகளைப் பற்றி நூலெழுதியிருந்தார். பிராங்கிளின் அதனை அறிந்திருந்தார், மறைக்கவும் இல்லை.

மாநில ஆளுநர் தாமஸ் இவ்வடுப்பை விற்கும் தனியுரிமையைப் பிராங்கிளினுக்கு வழங்க முன்வந்தார். பிறர் கண்டுபிடிப்புகளால் தாம் பயன்பெறுவதுபோலத் தம் கண்டுபிடிப்பாற் பிறர் பயன்பெறல் வேண்டும் எனக் கூறி அவர் அதனை மறுத்துவிட்டார். இலண்டனில் ஓர் இரும்பு வணிகர் அதிற் சிறு மாற்றங்கள் செய்து, தம் பெயரில் உரிமை பெற்றுப் பொருளீட்டினார் என்பது வேறு கதை. ஆயினும் அடுப்பு எதிர்பார்த்தபடி மக்களிடம் செல்லவில்லை. கீழ்நோக்கி இறங்க மறுப்பது புகையின் இயல்பு. புகைபோக்கி நன்கு சூடாகியிருந்தாலன்றி அது அறைக்குள்ளேயே திரும்பிற்று. பிற்காலத்தார் அக்காற்றுப் பேழையையே நீக்கிவிட்டு, எஞ்சிய இரும்புக் கூட்டுக்குப் ‘பிராங்கிளின் அடுப்பு’ என்று பெயரிட்டு வழங்கினர். பெயர் நிலைத்தது, அவர் பெருமைகொண்ட உறுப்புத்தான் நிலைக்கவில்லை.

காற்று ஏன் அவ்வாறு அசைகின்றது என்பதைத் தெளிவாக ஆராய்ந்தவர் மற்றோர் அமெரிக்கர். மசச்சூசெற்சில் 1753 இல் பிறந்த பெஞ்சமின் தொம்சன், ஐரோப்பா சென்று றம்போர்ட் பிரபுவானார். சாராயம் நிரம்பிய பெரிய வெப்பமானியொன்றை ஆறவைக்கச் சாளரத்தருகே வைத்தபோது, வெயில் பட்டு, உள்ளிருந்த தூசித் துகள்கள் நடுவே மேலேறுவதையும் ஓரங்களிற் கீழிறங்குவதையும் அவர் கண்டார். வெப்பம் திரவத்தின் ஓட்டத்தோடு சேர்ந்தே பயணஞ் செய்கிறது என 1797 இல் எழுதினார். திரவங்களும் வாயுக்களும் வெப்பத்தைச் சிறிதும் கடத்தமாட்டா என்று அவர் மேலும் சென்றது பிழை. ஆனால் கண்ட ஓட்டம் மெய். 1834 இல் வில்லியம் புரௌட் என்ற ஆங்கில மருத்துவர் அதற்கு இலத்தீன் மொழியிலிருந்து பெயர் சூட்டினார். இலங்கைப் பாடநூல்கள் ‘மேற்காவுகை’ என்பது அதனையே.

ஓர் அறையில் அதனைக் காண்பது எளிது. சூடான இரும்பைத் தொட்ட காற்று விரிந்து இலேசாகி மேலெழும். கூரையை ஒட்டிப் பரவும். குளிர்ந்த சுவரையும் கண்ணாடியையும் தொட்டுக் கனத்துக் கீழிறங்கும். தரைவழியே மீண்டும் அடுப்பை நாடும். சூடான அறைக்கும் குளிர்ந்த அறைக்கும் இடையிலுள்ள வாயிலில் ஒரு மெழுகுவர்த்தியைப் பிடித்தால், நிலையின் மேற்புறத்தில் சுடர் குளிர்ந்த அறைப்பக்கம் சாயும். தரையோரத்தில் எதிர்ப்பக்கம் சாயும். ஒரே வாயிலில் இரண்டு ஆறுகள் எதிரெதிரே ஓடுகின்றன.

விறகின் இடத்தை நிலக்கரி பிடித்தது அடுத்த நூற்றாண்டில். பென்சில்வேனியாவின் கிழக்கு மலைகளில் அந்திரசைற்று என்னும் கடுங்கரி குவிந்து கிடந்தது. புகையின்றி நெடுநேரம் எரிவது அது. ஆனால் எளிதிற் பற்றாது. ‘கல்’ என்றே பலர் அதனைக் கைவிட்டனர். 1808 பெப்ரவரி 11 ஆம் நாள், வில்க்ஸ்பரி என்னும் ஊரில் விடுதி நடத்திய ஜெசி பெல் என்பவர், இரும்புக் கம்பித் தட்டொன்றில் அதனை இட்டு எரித்துக் காட்டினார். கீழிருந்து காற்று வரவேண்டும் என்பதே இரகசியம். யூனியன் கல்லூரியில் 1804 முதல் 1866 வரை, அறுபத்திரண்டு ஆண்டுகள் தலைவராயிருந்த எலிபலெற் நொற் என்ற சமயப் பெரியார், கல்லூரி அலுவலோடு அந்திரசைற்று அடுப்புகளுக்குப் பல ஆக்கவுரிமைகளையும் பெற்றார். கரியும் அளவுக்கேற்ப முட்டை, பட்டாணி, அரிசி என்றெல்லாம் பெயர் பெற்று விற்பனையாயிற்று. அரிசி என்பது சோற்றை நினைவூட்டாத நாட்டில் இப்பெயர் வழங்கியது வேடிக்கையே.

உள்நாட்டுப் போருக்குப் பின் திறோய், அல்பனி நகர வார்ப்பாலைகள் செய்த அடுப்புகளே இக்கலையின் உச்சம். அடுப்பின் நடுவே தொங்கும் கூண்டில் காலையில் கரியை நிரப்பிவிட்டால், கீழே எரிய எரிய மேலிருந்து கரி தானே இறங்கும். இரவு முழுவதும் தீ அணையாது. அப்பிரகத் தகடு பதித்த சிறு சாளரங்கள் வழியே செந்தணல் ஒளிவிடும். சூடான புகை நேரே வெளியேறாது, அடிப்பாகத்தைச் சுற்றிச் சென்று அங்கும் வெப்பத்தை விட்டே போகும். அக்காலத்து இல்லங்களில் இதற்கிருந்த மதிப்பை, நிக்கல் முலாமிட்ட அணிவேலைகளே சொல்லும்.

இவ்விதமான இதமான இல்லங்கள் நிலத்தடியில் உழைத்தோரின் தோள்மேல் நின்றன. 1902 மே மாதத்தில் ஒரு லட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அந்திரசைற்றுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒக்டோபர் வந்தது, கிழக்கு நகரங்களில் கரியில்லை, பனி நெருங்கிற்று. ஜனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற் இருதரப்பாரையும் அழைத்துப் பேசினார். இறுதியிற் பத்து வீதச் சம்பள உயர்வு கிடைத்தது. வீட்டின் அடுப்பு அணைந்துவிடும் என்ற அச்சமே, சுரங்கத்தானின் குரலைத் தலைநகர் வரை கொண்டு சென்றது எனலாம்.

பின்னர் எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. 1959 ஜனவரி 22 இல் பிற்ஸ்ரன் அருகே சஸ்குவெகன்னா ஆறு சுரங்கக் கூரையை உடைத்து உட்புகுந்தது, பன்னிருவர் மாண்டனர், அவர்களின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அப்பள்ளத்தாக்கின் ஆழ்சுரங்கத் தொழில் அதனோடு ஏறக்குறைய முடிந்தது. அடுப்புகளோ ஏற்கெனவே கொட்டில்களுக்கும் பழைய இரும்புக் கடைகளுக்கும் போயிருந்தன.

அவ்வாறு எஞ்சியவற்றை மீட்டெடுப்போர் இன்றும் உளர். வேலை பொறுமையை வேண்டுவது. துருப்பிடித்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தகட்டையும் பிரித்து, தூய்மை செய்து, மூட்டுகளைத் தீத்தாங்கும் சாந்தால் மீண்டும் அடைத்தல் வேண்டும். உடைந்த துண்டுக்குப் பதில் புதியது வார்க்கப் பழையதையே அச்சாக வைத்தால், புதியது சிறுத்துப் போகும். ஏனெனில் வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய எட்டிலொரு பங்கு அங்குலம் சுருங்கும். பழைய கதவு ஓரங்களிலுள்ள கல்நார்க் கயிற்றை மூச்சில் தூசு படாது அகற்றிக் கண்ணாடி நார்க் கயிற்றை இடுவர். இறுதியில் காரீயப் பூச்சு. அக்கரிய பளபளப்புக்கு மூலமான காரீயத்தை 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா பெருமளவில் இறக்குமதி செய்தது இலங்கையிலிருந்தே. மூசை, பென்சில், அடுப்புப் பூச்சு என அது பலவாறு பயன்பட்டது. போகலையிலும் கஹட்டகஹாவிலும் அகழ்ந்த மண்ணின் வளம், தூரத்து நாட்டுப் பனிக்கால அறையில் மின்னிற்று.

அழகைவிட முதன்மையானது மூட்டுகளின் இறுக்கம். அந்திரசைற்றின் மேல் ஆடும் நீலச் சுடர் காபனோரொட்சைட்டு எரிவதன் அடையாளம். அது எரியாது அறைக்குள் கசிந்தால் மணமும் இல்லை, நிறமும் இல்லை, உறங்குவோர் விழிப்பதில்லை. ஆகவே மீட்போர் இருட்டறையில் அடுப்பினுள் விளக்கை வைத்து, எங்கேனும் ஒளிக்கீற்றுத் தெரிகின்றதா என ஒவ்வோர் இணைப்பையும் பார்ப்பர். புகைபோக்கியைச் சோதிப்பர், நச்சு வாயுவை அறிவிக்கும் கருவியைப் படுக்கையறையருகே பொருத்துவர். பூச்சின் நெடி போவதற்காக முதல் தீயை முற்றத்தில் மூட்டுவதும் உண்டு.

பின்பு அடுப்பு வீட்டினுள் வரும். தொலைவிலுள்ள அறை சூடாகவில்லை எனில், புதியவர் சூடான காற்றை அங்கே தள்ள விசிறியை அடுப்பின் பக்கம் வைப்பார். பழகியவரோ சிறு விசிறியைக் குளிர்ந்த அறையின் தரையில் வைத்துக் குளிர்காற்றை அடுப்பை நோக்கித் தள்ளுவார். கனத்த காற்று கீழே விலகிச் செல்ல, சூடான காற்று வாயிலின் மேற்புறமாகத் தானே வந்து சேரும்.