மூக்குச் சதை வளர்ச்சியும் சளி அகற்றலும்

மூக்குச் சதை என்பது மூக்கு, முகக்காற்றறைகளின் உட்சவ்வு நாட்பட்ட அழற்சியால் வீங்கி, உரித்த திராட்சைபோல் வெளிறித் தொங்கும் மென்சதை. பெரும்பாலும் இரு பக்கமும் வரும், புற்று அன்று.

நலமான மூக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடித்து, தூசு ஒட்டிய சளியை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் தொண்டைக்குத் தள்ளுகின்றன. நாம் அதை அறியாமலே விழுங்கிவிடுகிறோம். இந்த ஓயாத வேலை வியப்புக்குரியது. சதை வளர்ந்தால் காற்றறை வாய்கள் அடைபடும். சளி கெட்டியாகித் தேங்கும். அழற்சியால் நுண்மயிர்கள் உதிர்ந்து அவ்விடத்தில் தட்டையான செல்கள் படரும். சாக்கரின் துகளை மூக்கினுள் வைத்து, தொண்டையில் இனிப்புத் தெரியும் நேரத்தை அளப்பதே சளி அகற்றலை அறியும் எளிய சோதனை. அரை மணிக்கு மேல் ஆனால் அகற்றல் மந்தம்.

இங்கே புகையையும் கருத வேண்டும். மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பழைய பால்மரத் தோட்டங்களில் ரப்பர்த் தகடுகளை விறகுப் புகையில் உலர்த்தினர். இன்றும் அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டம் அங்குள்ள ஈப்போ நகரை மூடுவதுண்டு. புகை சதையை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நுண்மயிர்களைத் தளர்த்தும். சதை வளர்ந்து மணம் அறியும் திறன் மங்குவதை வெறும் சளி என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்வது வருந்தத்தக்கது.

உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு தெளிப்பும் முதல் சிகிச்சை. பயனில்லையேல் எண்டோஸ்கோப்பி அறுவை. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. சதை மீண்டும் வளரக்கூடும் என்பதால் தெளிப்பைத் தொடர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தாலோ இரத்தம் கசிந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.