தீப்பிடிக்காத வீடு

புதுசாக வீடு கட்டப் போகிறீர்கள். என்னவெல்லாம் பார்ப்பீர்கள்? தண்ணீர் நல்ல தண்ணியா, உப்பா? பஸ் வசதி உண்டா? அப்புறம் வாஸ்து, வங்கிக் கடன், மச்சினர் சிபாரிசு செய்த மேஸ்திரி. ‘ராத்திரியில் நாலு பேர் வந்து கொளுத்தினால் இந்த வீடு தாங்குமா?’ என்று இன்ஜினீயரிடம் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்கிற அவசியம் உங்களுக்கு வந்திருக்காது.

அவசியம் வந்தவர்களுக்காக இங்கே ஓர் அரசு நிறுவனமே தொடங்கப்பட்டது. 1974-ல் பிறந்த தாட்கோ. இன்றைக்குப் பலருக்கு அது லோன் ஆபீஸ். ஆட்டோ வாங்க, மாடு வாங்க, கடை வைக்க அங்கே போவார்கள். ஆனால் ஆரம்பத்தில் அதன் பிரதான வேலை, ஆதிதிராவிடர்களுக்குத் ‘தீப்பிடிக்காத வீடு’ கட்டித் தருவது. நானாகச் சூட்டிய பெயரில்லை. அரசாங்கக் காகிதத்தில் இருக்கிற வார்த்தை.

கூரை வீடு அடுப்புப் பொறியிலும்தான் எரியும், வாஸ்தவம். ஆனால் அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் எரிந்தது அடுப்புப் பொறியில் இல்லை. கூலித் தகராறு. ஒரே குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் கருகிப் போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். வழக்கு நடந்து, 1973-ல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. மறு வருஷம் தாட்கோ பிறக்கிறது. குற்றவாளி யார் என்று கோர்ட்டால் சொல்ல முடியவில்லை. சரி, கூரையையாவது மாற்றுவோம். இப்படித்தான் எனக்கு அந்தத் தேதிகளைப் படிக்கத் தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம்.

அந்தக் குடிசை நின்ற மண் யாருடையது? நம் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்தில் பண்ணையாளின் குடிசை பல இடங்களில் மிராசுதாரின் மண்ணில்தான் நின்றது. கூலி கூடக் கேட்டால் அடிக்கவே வேண்டாம். ‘குடிசையைப் பிரிச்சிட்டுப் போ’ என்றால் போதும். 1920-களில் வெள்ளைக்கார சர்க்காரின் லேபர் இலாகா, ஒடுக்கப்பட்டவர்களுக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுக்கப் புறப்பட்டபோது மிராசுதார்கள் கொதித்தார்கள். பத்தடி மண்ணுக்கா அத்தனை கோபம்? மண்ணுக்கில்லை. சொந்த மனையில் குடியிருக்கிறவன் சொன்ன கூலிக்கு வர மாட்டான் என்ற பயம்.

குடியிருக்கும் மனையை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971-ல் வந்தது. ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்கத் தனிச்சட்டம் 1978-ல். நிலக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சட்டம் பிழைத்தது. மனை கிடைத்தது, தொகுப்பு வீடும் வந்தது. எங்கே? ஊருக்கு வெளியே. பெயர், காலனி.

இப்போது அரியலூர் பக்கம் போவோம். செம்மண், முந்திரிக்காடு, சிமென்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் லாரிகள். திருச்சியிலிருந்து 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்து, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. மாவட்டத்தின் எல்லைக்கல்லை இத்தனை முறை பிடுங்கி நட்டாயிற்று. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் எல்லையைத்தான் யாரும் தொடவில்லை.

செந்துறை தாலுகாவில் பொன்பரப்பி. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிய வந்தது 1987 செப்டம்பர் 1 அன்று. தமிழ்நாடு விடுதலைப் படையின் தமிழரசன், நான்கு தோழர்களோடு அங்கே வங்கியைக் கொள்ளையடிக்க வந்தார். ஐந்து பேரையும் ஊர்க்கூட்டம் அடித்தே கொன்றது. கூட்டத்தில் மஃப்டி போலீஸும் இருந்ததா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. சாதி ஒழியாமல் தமிழ்த்தேசம் இல்லை என்று வாதாடிய மனுஷர் அவர்.

அடுத்த இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம், இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கத்தின் சாலை மறியல். போலீஸ் சுட்டதில் 21 பேர் செத்தார்கள். அவர்களும் ஏழைகள்தான், கூரை வீட்டுக்காரர்கள்தான். அதே வாரத்தில் தென்னாற்காட்டில் தலித் குடிசைகள் எரிந்தன. எங்கு பார்த்தாலும் போலீஸ் நின்ற வாரம் அது. காலனிக்குள்தான் போதுமான காவல் இல்லை.

பொன்பரப்பி மறுபடி செய்தியில் வர 32 வருஷம் ஆனது. 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல். ஊர் இருப்பது அரியலூர் மாவட்டம், சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர் பக்கத்துக் குன்னம், நாடாளுமன்றத்துக்குச் சிதம்பரம். வேட்பாளர் திருமாவளவன். அதே செந்துறை தாலுகாவின் அங்கனூர்க்காரர். சின்னம், பானை. வாக்குப்பதிவு நாளில் தெருவில் ஒரு பானை போட்டு உடைக்கப்பட்டது. வாய்ச்சண்டை ஆனது. பிறகு கட்டைகளோடு ஒரு கூட்டம் காலனிக்குள் புகுந்தது. சுமார் 20 வீடுகள். ஓடுகள் நொறுங்கின, வண்டிகள் உடைந்தன.

ஒரு நிமிஷம் யோசியுங்கள். கோபம் ஓட்டு மேல். உடைந்தது கூரை ஓடு! சிலேடை இல்லை சார். ஓட்டுப் போட்டது ரகசியம். யார் எந்தப் பட்டனை அமுக்கினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காலனி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆளைத் தேட வேண்டாம், விலாசம் போதும். ஒரு சமூகத்தையே ஒரே இடத்தில் தனியாகக் குடிவைத்ததன் பலன் இது. நல்ல எண்ணத்தில் மனை கொடுத்த சர்க்காரும் இதில் உடந்தைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, தலித் குடியிருக்கும் வீட்டை அழிக்கத் தீ வைத்தால் ஆயுள் தண்டனை. ஓட்டை உடைத்தால் வேறு பிரிவு, வேறு கணக்கு. டி.எஸ்.பி.தான் விசாரிக்க வேண்டும். கலெக்டரும் எஸ்.பி.யும் நேரில் வந்து பார்க்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இதுபோன்ற சம்பவங்களில் மறுநாள் செய்தி ‘இரு தரப்பினர் மோதல்’ என்றுதான் வரும். எஃப்.ஐ.ஆரின் கடைசியில் ‘மற்றும் சிலர்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ‘சிலர்’ யார் வேண்டுமானாலும் ஆகலாம். அதனால் அடி வாங்கிய தெருவின் பையன்களும் ராத்திரி வீட்டில் படுக்கப் பயப்படுவார்கள். வாசலில் பந்தோபஸ்து வேன் நிற்கும். ரேஷன் கடைக்கும் பஸ்ஸுக்கும் ஊருக்குள் போய்த்தான் ஆக வேண்டும். உடைத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

காங்கிரீட் போட்டால் தப்பிக்கலாமோ? 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்து இரண்டு குடியிருப்புகளிலும் 268 வீடுகள் தாக்கப்பட்டன. பெங்களூரில் உழைத்துக் கட்டிய மெத்தை வீடுகளும் அதில் உண்டு. கூரை எரியாவிட்டால் என்ன? உள்ளே பீரோவும் துணியும் பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டும் எரிந்தன. சுவர் நின்றது.

சிதம்பரத்தில் திருமாவளவன் 3,219 ஓட்டில் ஜெயித்தார். பொன்பரப்பியில் மறுவாக்குப்பதிவு கேட்டார்கள், நடக்கவில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். உங்கள் ஊர் வி.ஏ.ஓ. தெரிந்தவராக இருந்தால், கிராமப் படத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். நத்தம் என்று ஓர் இடம் இருக்கும். ஆதிதிராவிடர் நத்தம் என்று தனியாக இன்னோர் இடம் இருக்கும். நடுவில் எத்தனை வயல் என்று எண்ணிப் பாருங்கள்.