பிச்சைக்கு அத்தாட்சி

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், சேஷாத்ரி ஆசிரமத்துக்கும் ரமணாசிரமத்துக்கும் முன்னால், சாலையோரம் கைநீட்டி உட்கார்ந்திருப்பவர்களை என்ன செய்வது என்ற விவாதம் அந்தப் பகுதியில் ஓய்வதே இல்லை. அங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டார், வந்துபோகும் யாத்ரிகர்கள், கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் என்று ஆளுக்கொரு கட்சி. காசு கொடுத்தால் குடித்துவிடுவான், கொடுக்காதே என்பது ஒன்று. காசு வேண்டாம், இட்லி வாங்கிக் கொடு என்பது இன்னொன்று. அசல் சாதுவுக்கு மட்டும் கொடு, காவி கட்டிய பிச்சைக்காரனுக்குக் கொடுக்காதே என்பது மூன்றாவது. படித்தவர்களிடையே இந்த மூன்றாவதுக்குத்தான் செல்வாக்கு அதிகம். கிரிவலப் பாதையில் சாதுக்களை அவ்வப்போது கணக்கெடுப்பதும் அடையாள அட்டை கேட்பதும் இதன் அரசாங்க வடிவம் என்று கொள்ளலாம்.

மூன்று கட்சிகளும் கேட்பது ஒன்றையே. வாங்குகிறவன் தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டும்: குடிகாரன் இல்லை என்று, பசி உண்மை என்று, துறவு உண்மை என்று. இந்தக் கோரிக்கைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதன் ஒரு பகுதி இதே மலையில் நடந்தது என்பதுதான் விவாதிப்பவர்கள் மறந்துவிடுகிற சங்கதி.

1896 செப்டம்பர் 1ஆம் தேதி ரயிலிலிருந்து திருவண்ணாமலையில் இறங்கிய வேங்கடராமனுக்கு வயது பதினாறு. அண்ணனுடைய காலேஜ் சம்பளத்துக்காக எடுத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதியோடு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, மதுரையிலிருந்து வந்தவன். சீட்டில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. என் உத்தியோகத்தில் இப்படி ஒரு தாள் கவுன்டருக்கு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். வழியில் கடுக்கனை அடகு வைத்துப் பெற்றதில் எஞ்சிய பணத்தை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டு, தலையை மழித்துக்கொண்டு, கோவணத்தோடு கோயிலுக்குள் உட்கார்ந்தான். பேசவில்லை. கேட்டவர்களுக்கு ஊரும் சொல்லவில்லை, பேரும் சொல்லவில்லை. இன்றைய செங்கம் ரோட்டு விவாதத்தின் எந்தக் கட்சியும் இவனுக்கு ஒரு கவளம் கொடுத்திருக்காது. அசல் என்பதற்கு என்ன அத்தாட்சி? வீட்டைவிட்டு ஓடிவந்த பையன், அதுவும் பணம் எடுத்துக்கொண்டு.

கோயிலில் இருந்தவர்கள் ஊட்டிப் பார்த்தார்கள். பிறகு தெருவில் இறங்கிப் பிச்சை எடுக்கத் தொடங்கினார். வீட்டு வாசலில் நின்று கைதட்டுவது, விழுவதைக் கையிலேயே வாங்கித் தெருவிலேயே தின்றுவிடுவது. முதல் தடவை ஒரு குருக்கள் வீட்டு அம்மாளிடம் கேட்டபோது வளர்ந்த விதத்தினால் கூச்சமாக இருந்தது என்றும், பிறகு தாழ்வாகவே தோன்றவில்லை, அரசனுக்கும் மேலாக உணர்ந்தேன் என்றும் பிற்காலத்தில் அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. இதைப் பக்தர்கள் ஆன்மிகமாக வாசிக்கிறார்கள். எனக்கு முதல் பாதிதான் முக்கியமாகப் படுகிறது. பிராமணப் பையனின் அந்தக் கூச்சம் ஒரு நாளில் போயிற்று. அப்படிப் போக முடிந்தது, கதவைத் திறந்தவள் எந்தக் கேள்வியும் கேட்காததால்.

அடுத்த கட்டம் விரூபாக்ஷ குகை. சுற்றிச் சிலர் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் ஊருக்குள் பிக்ஷைக்குப் போய்க் கொண்டுவருவதை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். பிராமண ஸ்வாமியின் ஆட்கள் என்றால் ஜனங்கள் தாராளமாகப் போட்டார்கள். உடனே, அந்தப் பேரைச் சொல்லி வேறு சிலரும் வாங்கத் தொடங்கினார்கள் என்று ஒரு குறிப்பு உண்டு. தங்களுக்கென்று ஒரு பாட்டு இருந்தால் வீட்டுக்காரர்கள் இனம் கண்டுகொள்வார்கள் என்று பழனிஸ்வாமி முதலானோர் கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 108 கண்ணிகள் கொண்ட அருணாசல அக்ஷரமணமாலை. இன்று நாயகி பாவத்தின் உச்சம் என்று கொண்டாடப்படும் அந்தத் தோத்திரம் ஒரு விதத்தில் பிச்சைக்கான அடையாள அட்டையாகத் தொடங்கியது. இப்படிச் சொல்வதில் பாட்டுக்குக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்ட காரியம் அற்பமாக இருக்கலாம். எழுதியவர் அதை மலையைச் சுற்றி நடந்துகொண்டே எங்கோ கொண்டுபோய்விட்டார். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பேர் சொல்லாமல் வந்தவர் பிச்சையெடுத்த ஊரில், இருபது வருஷத்துக்குள், அசலுக்கும் போலிக்கும் கோடு கிழிக்க வேண்டிய தேவை வந்துவிட்டது. பாட்டும் நாளடைவில் எல்லோருக்கும் மனப்பாடம். பாடத் தெரிவது இனி எதற்கும் அத்தாட்சி இல்லை.

1916இல் தாயார் அழகம்மாள் வந்து தங்கி, ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். 1922இல் அவர் காலமான பிறகு அடிவாரத்தில் ஆசிரமம் எழுந்தது. பிச்சைக்குப் போனவர்கள் சோறு போடுகிறவர்களானார்கள். ஸ்தாபனம் என்று ஒன்று வந்தால் வாசலும் வரும், வாசலில் ஒரு அதட்டலும் வரும். ஆசிரமத்தில் சொல்லப்படும் ஒரு கதை: பந்தி நேரத்தில் யாரோ பரதேசிகள் இப்போது வரக்கூடாது என்று விரட்ட, ரமணர் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகாமல் வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். கேட்டதற்கு, நானும் பரதேசிதானே என்றாராம். அதன் பிறகு முதலில் வெளியே இருப்பவர்களுக்கு, அப்புறம்தான் உள்ளே என்று ஏற்பட்டது. பகல் பந்திக்கு முன் அன்னமிடும் வழக்கம் இன்றும் நடக்கிறது.

நம்மை ஆண்டவர்களிடம் இந்த நிரூபண மோகம் வேறு வழியில் வந்தது. 1818இல் லண்டனில் பிச்சையை ஒடுக்க ஒரு சங்கம் ஏற்பட்டது. சந்தா கட்டியவர்களுக்குச் சங்கம் சீட்டுகள் கொடுக்கும். பிச்சைக்காரனுக்குக் காசுக்குப் பதில் சீட்டு. அதை எடுத்துக்கொண்டு அவன் சங்கத்துக்குப் போனால் விசாரித்துச் சோறு போடுவார்கள். ‘காசு வேண்டாம், இட்லி’ கட்சியின் மூதாதைகள் இவர்கள். 1822இல் சார்ல்ஸ் லாம், லண்டன் தெருக்களிலிருந்து பிச்சைக்காரர்கள் மறைந்துகொண்டிருப்பதைப் பற்றி ஒரு புலம்பல் கட்டுரை எழுதினார். ஏமாறுவது பெரிய நஷ்டமில்லை, துருவித் துருவிக் கேட்பதுதான் நஷ்டம் என்பது அவர் பக்கம். லாம் கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தா. அவர் கணக்கெழுதிய அந்தக் கம்பெனியின் ராஜ்யத்துக்கு வாரிசான சர்க்கார், 1877 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து ஜனங்களுக்கு என்ன பரீட்சை வைத்தது என்பது தெரிந்ததே. ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும். அதற்கும் வீட்டிலிருந்து தொலைவாகப் போய்க் கல் உடைக்க வேண்டும். நடந்து வருகிறவன்தான் உண்மையில் பசித்தவன் என்பது தர்க்கம். நடக்க முடியாத அளவு பசித்தவனைப் பற்றித் தர்க்கத்தில் இடமில்லை.

சென்னைப் பிச்சை ஒழிப்புச் சட்டம் 1945இல் வந்தது. அப்போது மாகாணத்தில் சட்டசபை இயங்கவில்லை, கவர்னர் ஆட்சி. ஆகவே விவாதம் என்று ஒன்று நடக்கவே இல்லை. 1959இன் பம்பாய்ச் சட்டம் இன்னும் திட்டவட்டமானது: பாடுவது, ஆடுவது, ஜோசியம் சொல்வது, எதையாவது விற்பதுபோல் நீட்டுவது, எல்லாமே பிச்சைக்கான பாவனைகள் என்று அதில் பட்டியலிட்டிருக்கிறார்கள். விரூபாக்ஷ குகைக் கூட்டம் பம்பாய்த் தெருவில் அக்ஷரமணமாலை பாடிக்கொண்டு போயிருந்தால், அனுமதிச் சீட்டு இல்லாத பட்சத்தில், முதல் தடவைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் உள்ளே இருந்திருக்கலாம். அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை தில்லியைப் பொறுத்தவரை செல்லாது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில்தான் சொன்னது. 1971இல் கருணாநிதி அரசு கொண்டுவந்த பிச்சைக்காரர் மறுவாழ்வுத் திட்டம் வேறு மாதிரி. தொழுநோயாளிகளுக்கு பரனூரிலும் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் மல்லவாடியிலும் இல்லங்கள் ஏற்பட்டன. தண்டனைக்குப் பதில் இருக்க ஓர் இடம் என்று யோசித்த அளவில் அது மேல். அங்கேயும் உள்ளே போக நோய்தான் அத்தாட்சி.

திருக்குறளில் இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று இரப்பதை ஒப்புக்கொள்கிறது, மற்றது அஞ்சுகிறது. முன்னதை மீண்டும் படித்துப் பாருங்கள். தகுதி பார்க்கிறவன் அங்கே இரப்பவன். ஒளிக்காத நெஞ்சுள்ளவனைத் தேடிப் போகச் சொல்கிறது. பரீட்சை கொடுக்கிறவனுக்கு. அந்தத் திசை எப்போது மாறியது, சமணத் துறவியின் பிக்ஷை நியமங்களிலிருந்து மடங்களின் காலத்துக்கு வரும்போதா, காலனிச் சட்டத்தோடா என்பதைத் தமிழில் யாராவது முறையாக எழுத வேண்டும்.

எதிர்க்கட்சியில் பலமான ஒரு வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையில்லை. பிச்சை ஒரு முதலீடாகவும் நடக்கிறது. ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ 2003இல் பழனிப் பின்னணியில் காட்டிய வியாபாரம் கற்பனையின் கொடூரம் மட்டுமல்ல என்பது கோயிலூர்க்காரர்களுக்குத் தெரியும். இடுப்பில் தூங்கும் குழந்தையோடு கைநீட்டும்போது, தூக்கம் எதனால் என்ற கேள்வி எழத்தான் செய்யும், எழ வேண்டும். ஆனால் அதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது: 2015இன் சிறார் நீதிச் சட்டப்படி குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்துவது ஐந்து வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். அது ஆளை வைத்துப் பிழைப்பவனைப் பிடிக்கச் சொல்கிறது. செங்கம் ரோட்டில் கணக்கெடுக்கப்படுவது சடைமுடிக் கிழவர்கள்.